தொட்டில் ஸ்பிரிங்கில் கட்டிய பழைய போன்

என் மருமகளுக்குக் காது கேட்காது. எனக்கு வாய் இருந்தும் பேச வராது. நாலு பேர் கூடிய இடத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூடக் கூச்சப்படுகிற ஆள் நான். அதனாலோ என்னவோ, அவள் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாக ஒத்துப்போனது. பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில்தான். காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் மலாயில் படித்தவள் அவள். நான் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன். அவளுடைய மலாய் சுத்தமாக இருக்கும், என்னுடையது கல்லும் மண்ணுமாக இருக்கும். "மாமா" என்ற சொல்லை மட்டும் அவள் தமிழில் எழுதுவாள். அவள் எழுதியவற்றை இங்கே தமிழில்தான் சொல்லப்போகிறேன்.

ஈப்போவிலிருந்து கோப்பெங் போகிற பாதையில், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தில் எழுந்த தாமான் குடியிருப்பில் எங்கள் வரிசை வீடு இருக்கிறது. நான் ஈப்போவில் ஒரு திரைச்சீலைக் கடையில் வேலை பார்க்கிறேன். வீடு வீடாகப் போய் ஜன்னலை அளப்பதும், பிறகு போய்க் கம்பி மாட்டுவதும் என் வேலை. மனைவி ஒரு பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கிறாள். மகன் லாரி ஓட்டுகிறான். தெற்கே சரக்கு ஏற்றிப் போனால் திரும்ப நாலைந்து நாளாகும். அப்படியென்றால் பகல் முழுக்க வீட்டில் மருமகள் மட்டும்தான்.

பேத்தி பிறந்து, மருமகள் பாகான் செராயில் தன் அம்மா வீட்டிலிருந்து குழந்தையோடு வந்த பிறகு, இதுவே வீட்டில் பெரிய பேச்சானது. மனைவி விடுப்பு எடுத்திருந்தாள். அது முடிந்துவிட்டால் பகலில் குழந்தை அழுவது யார் காதில் விழும்?

"நான் என்னா கெட்டதா சொல்றேன்?" என்றாள் மனைவி, சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டே. "பிள்ள தொண்ட கிழியக் கத்தும். இவ பின்னாடி துணி தொவச்சிகிட்டு இருப்பா. யாரு ஜாகா பண்ணிப் பாத்துக்கிறது? அண்ணி கிட்ட விட்டா கண்ணு மாதிரி பாத்துக்குவாங்க."

அண்ணி என்பது என் அக்கா. பத்து காஜாவில் இருக்கிறாள். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதில் கைதேர்ந்தவள். திங்களிலிருந்து வெள்ளி வரை குழந்தை அக்கா வீட்டில், சனி ஞாயிறு எங்கள் வீட்டில் என்று அவர்கள் இரண்டு பேரும் போனிலேயே பேசி முடித்திருந்தார்கள். மகனுக்கும் பயம் இருந்தது.

மருமகள் எங்கள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போனாள். நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் என் போனுக்குச் செய்தி வந்துவிட்டது.

"மாமா, பால் குடிக்கிற குழந்தை. ஐந்து நாள் வேறு வீட்டில் இருந்தால் யாரை அம்மா என்று நினைக்கும்? அழுதால் எனக்குத் தெரிய ஒரு வழி செய்து கொடுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்வேன்."

இதுவரை என்னிடம் யாரும் இப்படி எதையும் கேட்டதில்லை. மனைவியிடம் கேட்டிருக்கலாம், மகனிடம் கேட்டிருக்கலாம். என்னிடம் கேட்டாள்.

கடைகளில் விற்கும் பேபி மானிட்டரைப் போய்ப் பார்த்தேன். எல்லாம் ஓர் அறையின் சத்தத்தை இன்னோர் அறைக்குச் சத்தமாகவே கொண்டுபோய்க் கொடுப்பவை. அவளுக்கு அதனால் என்ன பயன்? அன்று மாலையே அலமாரி இழுப்பறையைக் கூடத்தில் கவிழ்த்தேன். கண்ணாடி விரிசல் விட்ட மனைவியின் பழைய போன் ஒன்று, மகன் கல்யாணத்துக்கு முன் வாங்கிய டேப்லட், அவன் கட்டிப்பார்த்துவிட்டுச் சலித்துப்போய் எறிந்த கைப்பட்டை ஒன்று கிடைத்தன. போனுக்கு ஏதாவது செய்தி வந்தால் அந்தப் பட்டை மணிக்கட்டில் 'கிர்ர்' என்று அதிரும். அதைச் சார்ஜில் போட்டேன். சற்று நேரத்தில் அதன் முகத்தில் சின்னதாக ஒரு வெளிச்சம் வந்ததும் என் வயதை மறந்து கைதட்டினேன்.

"என்னா, லாட்டரி அடிச்சிருச்சா?" என்று மனைவி அடுப்படியிலிருந்து கேட்டாள்.

முதலில் செய்தது சுலபமான வழி. சத்தம் கேட்டால் இன்னொரு போனுக்குச் செய்தி அனுப்பும் செயலி ஒன்று இலவசமாகக் கிடைத்தது. அதைப் பழைய போனில் ஏற்றித் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். செய்தி மருமகளின் போனுக்குப் போகும், பட்டை அவள் கையில் அதிரும். நான் தொட்டிலருகே நின்று குழந்தை மாதிரி "ங்கா" என்றேன். பின்கட்டில் இருந்தவள் கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். நின்றது நான்தான் என்று கண்டதும் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சத்தமாகச் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

மறுநாளே அந்தச் சந்தோஷம் போனது. நான் வேலை முடிந்து வந்தபோது மருமகள் களைத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குக்கர் விசில் அடித்தால் பட்டை அதிர்ந்தது. ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து ஹார்ன் அடித்தால் அதிர்ந்தது. பக்கத்து வீட்டுச் சேவல் கூவினால், சூராவ் தொழுகைக்கூடத்தில் பாங்கு சொன்னால், மனைவி பார்க்கும் தொடரில் யாராவது அழுதால், எல்லாவற்றுக்கும் அதிர்ந்தது. அந்தத் தொடரிலோ அழாத ஆளே இல்லை. ஒவ்வொரு தடவையும் இவள் ஓடி வந்து தொட்டிலை எட்டிப் பார்த்திருக்கிறாள். ஒரு தடவை எட்டிப் பார்த்தே தூங்கும் குழந்தையை எழுப்பியும் விட்டாளாம்.

"காது கேக்கறவங்கதான் எது பிள்ள அழுவுற சத்தம், எது சேவல் சத்தம்னு பிரிக்க முடியும்," என்றாள் மனைவி. "மிசினுக்கு என்னா தெரியும்?"

சரி, காதை விட்டுவிடுவோம், கண்ணை வைப்போம் என்று டேப்லட்டை எடுத்தேன். திரைச்சீலைக் கம்பி பிடிக்கிற கிளாம்பைச் சுவரில் அடித்து, டேப்லட்டின் கேமரா தொட்டிலைப் பார்க்கும்படி மாட்டினேன். மருமகள் எங்கிருந்தாலும் தன் போனில் பார்த்துக்கொள்ளலாம். அழகாக மாட்டிவிட்டு, போனில் பார்த்தால் ஒரே சிவப்பு!

எங்கள் பக்கத்தில் தொட்டில் என்றால் உத்தரத்துக் கொக்கியில் ஒரு தடித்த ஸ்பிரிங், அதன் முனையில் குறுக்குக் கட்டை, கட்டையில் மாட்டிய சேலை. குழந்தை துணிக்குள்ளே மூட்டையாகக் கிடக்கும். கை தெரியாது, கால் தெரியாது, முகமும் தெரியாது. என் டேப்லட் காட்டியதெல்லாம் மனைவியின் பழைய சிவப்புச் சேலையைத்தான்.

மனைவி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "பூசணிக்கா மூட்டைக்கா காவல் வெச்சிருக்க?"

மேலிருந்து பார்த்தால் முகம் தெரியலாம் என்று இடத்தை மாற்றினேன். கொஞ்சம் தெரிந்தது. நெற்றியும் மூக்கும். மருமகள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். நான் நிம்மதியாக வேலைக்குப் போனேன். மதியம் அவளிடமிருந்து செய்தி வந்தது: "மாமா, எல்லாம் கறுப்பு."

வீட்டுக்கு வந்து பார்த்தேன். கறுப்புதான். அணைத்துப் போட்டேன், கறுப்பு. செயலியை அழித்து மறுபடி ஏற்றினேன், கறுப்பு. கடைசியில் டேப்லட்டில் இருந்ததையெல்லாம் துடைத்துப் புதிது மாதிரி ஆக்கினேன். அப்போதும் கறுப்பு. மறுநாள் வேலை முடிந்ததும் ஈப்போவில் பழைய போன் வாங்கி விற்கும் பாயின் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாரும் போகட்டும் என்று ஓரமாக நின்றேன். ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

"அண்ணே, என்னா ரோசாக்கா, கெட்டுப் போச்சா? குடுங்க இங்க," என்று பாய்தான் கூப்பிட்டார்.

"படம் வர மாட்டேங்குது, பாய். எல்லாம் கறுப்பா இருக்கு. ரீசெட்கூடப் பண்ணிட்டேன்."

அவர் டேப்லட்டைத் திருப்பிப் பார்த்தார். கேமராவின் மேல் கட்டைவிரலை வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தார். விரலை எனக்குக் காட்டினார். கன்னங்கரேல் என்று இருந்தது.

"வீட்டுல பிள்ள பொறந்திருக்கா?"

"ஆமா. பேத்தி."

"பிள்ளைக்கு வைக்கிற மைய டேப்லட்டுக்கு வெச்சிருக்காங்க, லா!"

கடையே சிரித்தது. எனக்குக் காது மடல் சுட்டது. ஆனால் என்னாலும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. பாய் டேப்லட்டின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு முகம் மாறினார். "அண்ணே, இது பேட்டரி வீங்கிப் போச்சு. பிள்ள பக்கத்துல வைக்கவே கூடாது. இங்கேயே விட்டுட்டுப் போங்க, நான் பாத்து அப்புறப்படுத்திக்கிறேன்." பிறகு பெட்டியைக் கிளறி உள்ளங்கை அளவில் ஒரு சின்ன பழைய போனை எடுத்துக் கொடுத்தார். "இது கனமே இல்ல. பேட்டரி நல்லா இருக்கு. பேத்திக்கு என்னோட அன்பளிப்பு."

வீட்டில் மனைவி கொஞ்சமும் மறைக்கவில்லை. "ஆமா, நான்தான் வெச்சேன். நாள் முழுக்க ஒத்தக் கண்ணால பிள்ளையவே மொறச்சிப் பாத்துகிட்டு கெடக்கு. கண்ணு படாதா?"

காதும் போனது, கண்ணும் போனது. குழந்தையைக் கூட்டிப்போக அக்கா சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தாள். குழந்தையின் துணிகளை மனைவி மடித்து ஒரு பையில் அடுக்கத் தொடங்கிவிட்டாள். மருமகள் அந்தப் பையைப் பார்க்காமலே அதைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

வியாழக்கிழமை ஒரு வாடிக்கையாளர் வீட்டில் ஆள் இல்லாததால் மதியமே வீட்டுக்கு வந்தேன். மனைவி காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தாள். கூடத்தில் தொட்டிலுக்குக் கீழே பாயில் மருமகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் மணிக்கட்டிலிருந்து ஒரு துணி நாடா மேலே போய்த் தொட்டிலில் முடிந்திருந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றேன். சேலைக்குள் ஒரு சின்ன முட்டு தெரிந்தது. குழந்தை காலை உதைத்தது. ஸ்பிரிங் ஒரு துள்ளல் துள்ளியது. நாடா இழுபட்டது. மருமகள் கண்ணைத் திறந்தாள். குழந்தை இன்னும் அழக்கூடத் தொடங்கவில்லை.

அழுகையையே துரத்திக்கொண்டிருந்தேன் நான். குழந்தை அழுவதற்கு முன்னால் உதைக்கிறது. உதைத்தால் ஸ்பிரிங் சொல்லிவிடுகிறது. எங்கள் தொட்டிலே ஒரு மானிட்டர்தான், அதற்கு ஒரு நீளமான நாடா மட்டும் வேண்டும். பின்கட்டு வரைக்கும், அடுப்படி வரைக்கும், குளியலறை வரைக்கும் போகிற நாடா.

என்னைக் கண்டதும் அவள் வெட்கப்பட்டு நாடாவை அவிழ்க்கப் போனாள். நான் "அவிழ்க்காதே, அவிழ்க்காதே" என்று இரண்டு கையையும் ஆட்டினேன். போனை எடுத்து எழுதினேன். அவசரத்தில் ஒரே எழுத்துப் பிழை. அவள் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். தொட்டிலைப் பார்த்தாள். பிறகு ஓடிப்போய் அந்தச் சின்ன போனை எடுத்து வந்தாள்.

அன்று மாலை முழுக்கத் தேடி ஒரு செயலியைக் கண்டுபிடித்தோம். அது குழந்தைக்காகச் செய்தது இல்லை, திருடனுக்காகச் செய்தது. போனை ஒரு பையிலோ மேசையிலோ வைத்துவிட்டுப் போனால், யாராவது அதை அசைத்தவுடன் சொந்தக்காரரின் இன்னொரு போனுக்குச் செய்தி அனுப்பும். "திருட்டு! யாரோ உங்கள் பொருளைத் தொடுகிறார்கள்!" என்று மலாயில் சிவப்பு எழுத்து வரும். சொல்லை மாற்ற வழி தெரியவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். ஆட்டம் நின்று சற்று நேரம் அசையாமல் இருந்தால் அது தானாகவே மறுபடி காவலுக்கு நின்றுகொள்ளும். எங்களுக்கு வேண்டியதும் அதுதான். தூங்கவைக்கத் தொட்டிலை ஆட்டும்போது ஓயாமல் அதிரட்டும், ஆட்டுகிறவர் அருகில்தானே இருக்கிறார். ஆட்டிவிட்டுப் போன பிறகு வரும் முதல் அசைவுதான் முக்கியம்.

எங்கே கட்டுவது என்பதில்தான் மண்டை காய்ந்தது. குறுக்குக் கட்டையில் கட்டினால் மின்விசிறிக் காற்றுக்கே திருடன் வந்துவிட்டான். கொக்கியின் பக்கம் கட்டினால் நான் சேலையைப் பிடித்து இழுத்தால்கூட அசையவில்லை. ஸ்பிரிங்கின் இடையில் ஓர் இடம் இருந்தது. அதை மருமகள்தான் கண்டுபிடித்தாள். ஸ்பிரிங்கின் மேல் விரலை வைத்துக்கொண்டு, சேலைக்குள் வைத்த அரிசி மூட்டையை மெல்லத் தட்டும்படி எனக்குச் சைகை காட்டினாள். விரலை ஒரு வளையம் இறக்கினாள். இன்னொன்று. தலையாட்டினாள். இங்கே. திரைச்சீலை கட்டும் பட்டையால் போனை அங்கே இறுக்கினேன். அவிழ்ந்தாலும் குழந்தை மேல் விழாதபடி இன்னொரு பட்டையால் உத்தரத்துக் கொக்கியோடும் கட்டினேன். சார்ஜ் வயரைக் கிட்டவே விடவில்லை. குளிக்கவைக்கும் நேரத்தில் கழற்றிச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம்.

சனிக்கிழமை அக்கா வந்தாள். கையில் குழந்தைக்கு இரண்டு புதுச் சட்டை. வந்தவுடன் தொட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மேலே பார்த்தாள்.

"என்னாடா தம்பி இது, ஹேன்போனத் தூக்குல போட்டிருக்க?"

எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. மனைவிதான் சொன்னாள். அவள் கொஞ்சம் கேலியாகத்தான் சொன்னாள். அக்கா தலையை ஆட்டிவிட்டுத் தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டு பத்து காஜா கதைகளைத் தொடங்கிவிட்டாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மருமகள் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் கதவு நிலையில் சாய்ந்து நின்றேன்.

அக்கா கதையின் நடுவில் இருந்தாள். மருமகள் ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே அடுப்படி வழியாக வந்தாள், எங்களைத் தாண்டினாள், அக்காவின் முதுகுப்பக்கம் போய்ச் சேலையை விலக்கினாள்.

"பிள்ள அழுவவே இல்லையே, இவ எங்க ஓடுறா?" என்று அக்கா திரும்பினாள்.

சேலைக்குள் குழந்தை கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடந்தது. காலால் காற்றை மிதித்துக்கொண்டிருந்தது.

அக்கா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "தற்செயலா வந்திருப்பா, லா," என்றாள். ஆனால் அவள் குரலில் உறுதி இல்லை. குழந்தை பால் குடித்து முடித்ததும் அவளே வாங்கித் தொட்டிலில் போட்டு ஆட்டினாள். அவள் கை பட்டால் எந்தப் பிள்ளையும் தூங்கிவிடும். தூங்கியதும் மருமகளைக் கையசைத்துப் பின்னால் அனுப்பிவிட்டு, இந்தத் தடவை கதை எதுவும் பேசாமல் தொட்டிலையே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். மனைவியும் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள். மூன்று பேரும் மூச்சு விடாமல் ஒரு சிவப்புச் சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சேலை லேசாக முட்டியது. அக்கா சட்டென்று அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

மருமகள் வந்தாள். முழங்கை வரை சோப்பு நுரை.

"அடியாத்தி!" அக்கா தொடையில் ஓங்கித் தட்டினாள். "நான் பக்கத்துல குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்கேன், எனக்குத் தெரியல. இவளுக்கு அங்க தெரியுது! காட்டு, காட்டு, அந்தப் போன்ல என்னா எழுதியிருக்கு?"

"திருடன் வந்துட்டான்னு எழுதியிருக்கு," என்றேன்.

அக்கா சிரித்த சிரிப்பில் குழந்தை பயந்து இப்போது உண்மையாகவே அழுதது.

மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவள் கேட்டது நியாயமான கேள்வி. "அண்ணி, கரண்டு போனா? வைஃபை நின்னுடும்ல? அப்ப என்னா பண்றது?"

நான் இதை யோசிக்கவே இல்லை. மருமகள் என் சட்டையை இழுத்து, என்ன கேட்கிறார்கள் என்று கண்ணால் கேட்டாள். எழுதிக் காட்டினேன். அவள் படித்தாள். உள்ளே போய் அந்தத் துணி நாடாவை எடுத்து வந்தாள். அதன் ஒரு முனையைத் தொட்டிலிலும் மறு முனையைத் தன் மணிக்கட்டிலும் கட்டி, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மனைவியை நிமிர்ந்து பார்த்தாள். கரண்டு வரும் வரை இப்படியே உட்கார்ந்திருப்பேன் என்று யாரும் அவளுக்காக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மனைவி கொஞ்ச நேரம் அந்த நாடாவையே பார்த்தாள். பிறகு எழுந்துபோய் அந்தப் பையைத் திறந்து, மடித்த துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் திரும்ப அடுக்கினாள். "அண்ணி, சாப்பிட்டுட்டுப் போலாம். கோழி வெச்சிருக்கேன்," என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தாள்.

திங்கட்கிழமை நான் ஈப்போவில் ஒரு சீன அம்மாவின் வீட்டில் ஏணி மேல் நின்று கம்பி மாட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் செய்தி எனக்கும் வரும்படி வைத்திருந்தேன். சட்டைப்பையில் போன் துடித்தது. திருட்டு. மனைவி விடுப்பு முடிந்து வேலைக்குப் போயிருந்தாள், வீட்டில் அவளும் குழந்தையும் மட்டும். துளைபோடும் இயந்திரத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். பட்டை நழுவியிருந்தால்? அவள் குளித்துக்கொண்டிருந்தால்? போன் மறுபடியும் துடித்தது.

ஒரு படம். விலக்கிய சேலைக்குள் சின்னதாக ஒரு முகம், பல்லில்லாத வாய் அகலத் திறந்திருந்தது. கீழே இரண்டு வரி: "பிடித்துவிட்டேன் மாமா. சிரிக்கிறாள்."

"என்ன, ஏதாவது பிரச்சினையா?" என்று கீழிருந்து அந்த அம்மா மலாயில் கேட்டார்.

வாடிக்கையாளர் வீட்டில் நான் அளவைத் தவிர வேறு பேசியதே கிடையாது. அன்று ஏணியிலிருந்து இறங்கிப் படத்தைக் காட்டினேன். என் பேத்தி எழுந்துவிட்டாள் என்றேன். மருமகளுக்குக் காது கேட்காது என்றேன், ஆனால் அழுவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும் என்றேன். ஸ்பிரிங்கைச் சொன்னேன், திருடனைச் சொன்னேன், மை வைத்த கதையையும் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்துத் தன் பேரப்பிள்ளைகளின் படங்களையெல்லாம் எடுத்துக் காட்டினார். ஏணியில் ஏறிய பிறகும் நான் பேச்சை நிறுத்தவில்லை. மாட்டி முடித்துக் கீழே இறங்கிப் பார்த்தால் கம்பி ஒரு பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்தது. கழற்றி மறுபடி மாட்டினேன்.